ஆண்ட்ரூ ஜாக்சன் ஜனநாயகத்தை விரிவாக்கவில்லை

1829 மார்ச் 4 அன்று அமெரிக்க அதிபராகப் பதவியேற்ற ஆண்ட்ரூ ஜாக்சனைப் பார்க்க வெள்ளை மாளிகைக்குள் கூட்டம் முண்டியடித்துக்கொண்டு நுழைந்தது. சேறு அப்பிய பூட்ஸ்களோடு பட்டு நாற்காலிகளின் மேல் ஏறி நின்றார்கள். கண்ணாடியும் பீங்கானும் நொறுங்கின. புதிய அதிபரை நெரிசலிலிருந்து மீட்டு விடுதிக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. மதுபானத் தொட்டிகளைப் புல்வெளிக்குத் தூக்கிக்கொண்டு போன பிறகுதான் கூட்டமும் வெளியேறியது. ஜாக்சனைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்தக் காட்சியை விடுவதே இல்லை. வர்ஜீனியாப் பண்ணையார்களும் பாஸ்டன் கனவான்களும் மாறி மாறி ஆண்ட நாட்டில், சாமானியன் முதன்முறையாகத் தன் வீட்டுக்குள் கால்வைத்தான் என்று முடிப்பார்கள்.

காட்சி நடந்தது. அதிலிருந்து எடுக்கும் முடிவைத்தான் ஏற்க முடியாது.

அமெரிக்க வரலாறு படிக்கும் மாணவர்கள் யாராக இருந்தாலும் 'ஜாக்சோனிய ஜனநாயகம்' என்ற தலைப்பைத் தாண்டித்தான் போக வேண்டும். ஆர்தர் ஷ்லெசிங்கர் 1945இல் எழுதி புலிட்சர் பரிசு பெற்ற 'ஜாக்சனின் யுகம்' அந்தத் தலைப்புக்கு இலக்கிய அந்தஸ்தே கொடுத்துவிட்டது. பணக்காரர்களுக்கு எதிராக உழைப்பாளிகளைத் திரட்டிய தலைவராக ஜாக்சனை விரித்து எழுதிய அந்தப் பெரிய நூலில், பூர்வகுடிகளை அவர் வெளியேற்றிய கதைக்கு ஏறக்குறைய இடமே இல்லை. பின்னால் வந்தவர்கள் அந்த இடைவெளியை நிரப்பினார்கள், ஆனாலும் கட்டடத்தை மாற்றவில்லை. 'பூர்வகுடிகள் விஷயத்தில் கொடுமை செய்தார், உண்மைதான். இருந்தாலும் ஜனநாயகத்தை விரிவாக்கினார்' என்ற வாக்கியம் இன்று எல்லாரும் ஒப்புக்கொள்ளும் சமரசமாகிவிட்டது. என் சண்டை இந்த 'இருந்தாலும்' மீதுதான். அந்தக் கொடுமையை ஒரு பக்கத்திலும் ஜனநாயகத்தை இன்னொரு பக்கத்திலும் வைத்து எடைபோட முடியாது. ஜாக்சன் நசுக்கியது ஜனநாயகத்தைத்தான்.

முதலில் ஓட்டுரிமையைப் பார்த்துவிடுவோம். அவர் தரப்பின் வலுவான சாட்சி அதுதான். 1824 அதிபர் தேர்தலில் பதிவான வாக்குகள் ஏறத்தாழ 3.6 லட்சம். ஜாக்சன் வென்ற 1828இல் அது 11.5 லட்சத்தை ஒட்டிப் போனது. மும்மடங்கு! ஆனால் 1824இல் இருந்த 24 மாநிலங்களில் ஆறில் மக்கள் அதிபர் தேர்தலில் வாக்களிக்கவே இல்லை; அதிபரைத் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர்களை மாநிலச் சட்டமன்றங்களே நியமித்தன. நாட்டிலேயே மக்கள்தொகை மிகுந்த நியூயார்க்கும் அந்த ஆறில் ஒன்று. 1828க்குள் டெலவரும் தென் கரோலைனாவும் தவிர மற்றவை மக்கள் வாக்குக்கு மாறிவிட்டன. அந்த மாற்றத்தை ஒவ்வொரு மாநிலமும் தானே செய்தது, ஜாக்சன் பதவிக்கு வருவதற்கு முன்னால்.

சொத்து இருந்தால்தான் ஓட்டு என்ற விதியை உடைத்ததும் அவரில்லை. வெர்மான்ட் 1791இலும் கென்டக்கி 1792இலும் அந்த விதி இல்லாமலேயே ஒன்றியத்தில் சேர்ந்தன. இண்டியானா 1816இல், இல்லினாய் 1818இல், அலபாமா 1819இல் அதே வழியில் வந்தன. கனெக்டிகட் 1818இலும் நியூயார்க் 1821இலும் தங்கள் அரசியல் சட்டங்களைத் திருத்தி எழுதின. வாக்குரிமை யாருக்கு என்பதை அப்போது மாநிலங்களே முடிவுசெய்தன. அதிபரின் கைக்கு அது எட்டவே எட்டாது. மறுபுறம், ஜாக்சன் அதிபராக அமர்ந்திருந்தபோதே வர்ஜீனியா 1829-30இல் அரசியல் சட்ட மாநாடு கூட்டி, சொத்துத் தகுதியைத் தளர்த்தியதே தவிர ஒழிக்கவில்லை. அது ஒழிய 1851 வரை ஆயிற்று.

அவர் பெயரே மக்களை வாக்குச்சாவடிக்கு இழுத்தது என்பார்கள். தகுதியுள்ள வாக்காளர்களில் 1828இல் வாக்களித்தவர்கள் சுமார் 57 சதவீதம். அவர் மறுபடியும் நின்ற 1832இல் 55 சதவீதம். எட்டாண்டு ஆட்சி முடியும் 1836இல் 58 சதவீதம். மேலே போகவில்லை, கீழேயும் போகவில்லை. 1840இல்தான் 80 சதவீதத்துக்குத் தாவியது. அந்த ஆண்டு கூட்டம் கூட்டமாக வந்தவர்கள் ஜாக்சனின் வாரிசான மார்ட்டின் வான் பியூரனைத் தோற்கடித்துவிட்டுப் போனார்கள். வேட்பாளரைத் தேசிய மாநாடு கூட்டித் தேர்ந்தெடுக்கும் பழக்கத்தையும் அவர் கட்சியின் கொடை என்று சொல்வதுண்டு. முதல் மாநாட்டை 1831இல் பால்டிமோரில் நடத்தியது ஃப்ரீமேசன் எதிர்ப்புக் கட்சி. ஜாக்சனின் கட்சி அடுத்த ஆண்டு அதே ஊரில் அதைப் பின்பற்றியது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். தேர்வாளர் குழுவை ஒழித்து மக்களே அதிபரை நேரடியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று 1829 டிசம்பரில் நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய முதல் ஆண்டுச் செய்தியிலேயே ஜாக்சன் கேட்டார். 1824இல் அதிக வாக்கு பெற்றும் பிரதிநிதிகள் சபை தம்மைத் தள்ளிவிட்டு ஜான் குவின்சி ஆடம்ஸை அதிபராக்கிய காயம் அதில் இருந்தது. காரணம் எதுவானாலும் கோரிக்கை சரியானது. ஆனால் இரண்டாம் அமெரிக்க வங்கியை ஒழிக்கவும் பூர்வகுடிகளை அகற்றவும் அவர் செலவிட்ட அதிகாரத்தில் சிறு துளிகூட இதற்குச் செலவாகவில்லை. கோரிக்கை செய்தியில் இடம்பெற்றதோடு சரி.

சொத்து வேலி விழுந்த அதே ஆண்டுகளில் அதன் இடத்தில் நிற வேலி எழுந்ததை ஜாக்சன் புகழ்பாடிகள் அடிக்குறிப்பில் தள்ளிவிடுகிறார்கள். நியூயார்க்கின் 1821 அரசியல் சட்டம் வெள்ளையருக்குச் சொத்துத் தகுதியை நீக்கிவிட்டு, கறுப்பருக்கு மட்டும் 250 டாலர் மதிப்புள்ள சொத்து வேண்டும் என்று விதித்தது. வான் பியூரன் அந்த விதியை ஆதரித்தவர். ஜாக்சனின் சொந்த மாநிலமான டென்னசியில் 1796 முதல் சுதந்திரமான கறுப்பர்கள் வாக்களித்து வந்தார்கள். 1834 மாநாடு அதைப் பறித்தது. வட கரோலைனா 1835இல் பறித்தது. பென்சில்வேனியா 1838இல் வாக்காளர் இலக்கணத்தில் 'வெள்ளையர்' என்ற சொல்லைச் சேர்த்தது. அதை முன்னின்று தள்ளியவர்களில் பெரும்பாலோர் ஜாக்சன் கட்சியினர். பிலடெல்பியாவின் கறுப்பர்கள் சார்பில் ராபர்ட் பர்விஸ் எழுதிய முறையீடு, உரிமையை இழக்கப்போகும் நாற்பதாயிரம் குடிமக்களின் பெயரால் வெளிவந்தது. இந்த மனிதர்கள் புதிதாக எதையும் கேட்கவில்லை. வரி கட்டி, வாக்களித்து வந்தவர்கள். கையிலிருந்த ஓட்டு பறிபோகிறது என்று முறையிட்டார்கள். யாரும் காது கொடுக்கவில்லை. ஒருவர் கையிலிருந்து பிடுங்கி நடந்த காரியத்தை விரிவு என்று எப்படி எழுதுகிறார்கள் என்பது எனக்கு விளங்கவே இல்லை.

1830 கணக்கெடுப்பின்படி நாட்டில் இருந்த 1 கோடியே 28 லட்சம் பேரில் 20 லட்சம் பேர் அடிமைகள். சாமானியர்களின் தலைவராகக் கொண்டாடப்படும் ஜாக்சன், நாஷ்வில் அருகே ஹெர்மிட்டேஜ் தோட்டத்தில் அவர்களில் நூறு பேரளவு வைத்திருந்தார். தப்பியோடிய ஓர் அடிமையைப் பிடித்துத் தந்தால் 50 டாலர் என்று 1804இல் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார். பிடிப்பவர் அவனுக்குக் கொடுக்கும் ஒவ்வொரு நூறு சவுக்கடிக்கும் 10 டாலர் கூடுதல், முந்நூறு அடி வரைக்கும் என்று அந்த விளம்பரத்திலேயே இருந்தது.

இனி, பூர்வகுடிகளில் ஒரு மக்களான செரோக்கிகள். இங்கே நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் ஜாக்சன் காலத்து ஜனநாயகத்தின் முழுப் பரீட்சையும் இங்கே நடந்தது.

1814 மார்ச் 27 அன்று அலபாமாவின் ஹார்ஸ்ஷூ பெண்ட் சண்டையில் ஜாக்சனின் படையோடு ஏறத்தாழ ஐந்நூறு செரோக்கிகள் நின்று போரிட்டார்கள். டல்லபூசா ஆற்றை நீந்திக் கடந்து, எதிரிகளான க்ரீக் வீரர்களின் படகுகளைக் கைப்பற்றி, பின்புறமாகத் தாக்கினார்கள். ஜாக்சனின் பெயர் நாடெங்கும் பரவ வழிசெய்த வெற்றி அது. பின்னாளில் செரோக்கிகளின் முதன்மைத் தலைவரான ஜான் ராஸும், செரோக்கி மொழிக்கு எழுத்து வடித்த செகோயாவும் அந்தப் படையில் இருந்தவர்கள்.

செகோயாவின் எழுத்துமுறை 1821இல் வந்தது. சில ஆண்டுகளில் அந்த மக்களில் பெருந்தொகையானவர்கள் தம் மொழியில் படிக்கவும் எழுதவும் கற்றுக்கொண்டார்கள். 1827இல் அரசியல் சட்டம் இயற்றினார்கள்: இரு அவைகள் கொண்ட சட்டமன்றம், தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர், நீதிமன்றம். 1828இல் நியூ எக்கோட்டா என்ற தலைநகரிலிருந்து 'செரோக்கி ஃபீனிக்ஸ்' இரு மொழிகளில் வெளிவரத் தொடங்கியது. அந்தக் குடியரசிலும் பெண்களுக்கு ஓட்டு இல்லை, கறுப்பர்களுக்கு உரிமை இல்லை, வசதியானவர்கள் அடிமைகளை வைத்திருந்தார்கள். சுற்றியிருந்த வெள்ளையர் குடியரசும் அதே கறைகளோடுதான் இருந்தது. ஆனாலும் தேர்தல், எழுதிவைத்த சட்டம், பத்திரிகை, வழக்காடும் உரிமை என்று ஒரு குடியரசுக்கு வேண்டியதெல்லாம் அவர்களிடம் இருந்தன.

ஜார்ஜியா மாநிலம் அவர்களது நிலத்தின்மீது தன் சட்டத்தைத் திணித்தது. வெள்ளையருக்கு எதிராகச் செரோக்கிகள் நீதிமன்றத்தில் சாட்சி சொல்லக் கூடாது என்றது. அவர்களது சட்டமன்றம் கூடக் கூடாது என்றது. 1829இல் தங்கம் கண்டுபிடிக்கப்பட்டது. 1832இல் அவர்கள் குடியிருந்த நிலங்களையே சீட்டுக் குலுக்கி வெள்ளையர்களுக்குப் பிரித்துக் கொடுத்தது. ஒப்பந்தங்களின்படி செரோக்கிகளைக் காக்கக் கடமைப்பட்ட அதிபர், ஜார்ஜியாவுக்குக் கட்டுப்படுங்கள் அல்லது மிசிசிப்பிக்கு மேற்கே போய்விடுங்கள் என்றார். செரோக்கி அரசுக்கு மொத்தமாகத் தர வேண்டிய ஆண்டுத் தொகையை 1830இல் தனித்தனி ஆட்களுக்குப் பிரித்துக் கொடுக்கும்படி மாற்றி, அந்த அரசின் கஜானாவையும் வற்றச் செய்தது அவரது நிர்வாகம்.

பூர்வகுடிகள் வெளியேற்றச் சட்டம் 1830 மே மாதம் பிரதிநிதிகள் சபையில் 102க்கு 97 என்ற கணக்கில் தேறியது. ஐந்தே வாக்குகள்! அடிமைகளை ஐந்தில் மூன்று பங்காகத் தலைக்கணக்கில் சேர்த்ததால் தென்மாநிலங்களுக்கு அந்தச் சபையில் இருபது இடங்களுக்குக் குறையாமல் கூடுதலாகக் கிடைத்திருந்தன. அந்த இடங்கள் இல்லாவிட்டால் சட்டம் விழுந்திருக்கும். ஓட்டே இல்லாத கறுப்பர்களின் தலைகளைக் காட்டி, ஓட்டே இல்லாத பூர்வகுடிகளை விரட்டினார்கள். பெரும்பான்மை மக்களின் விருப்பத்தை ஜாக்சன் நிறைவேற்றினார் என்று வாதிடுகிறவர்கள் முதலில் இந்தக் கணக்குக்குப் பதில் சொல்லட்டும்.

அந்தச் சட்டத்தை எதிர்த்து எழுந்த குரல்களைக் கேளுங்கள். நியூ ஜெர்சியின் செனட்டர் தியோடர் ஃப்ரீலிங்ஹைசன் மூன்று நாளாக ஆறு மணி நேரம் பேசினார். ஜாக்சனின் சொந்த டென்னசியிலிருந்து வந்த டேவி கிராக்கெட் எதிர்த்து வாக்களித்தார். அடுத்த தேர்தலில் இடத்தை இழந்தார். கேத்தரின் பீச்சர் பெயர் போடாமல் அனுப்பிய சுற்றறிக்கையைப் படித்து, ஓட்டுரிமையே இல்லாத பெண்கள் ஊர் ஊராகக் கையெழுத்துத் திரட்டி நாடாளுமன்றத்துக்கு மனு அனுப்பினார்கள். அமெரிக்கப் பெண்கள் நாடு தழுவிய அளவில் அரசியலில் இறங்கியது அதுவே முதல்முறை. அன்றைய அமெரிக்காவில் ஜனநாயகம் விரிந்துகொண்டுதான் இருந்தது. அதை விரித்தவர்கள் ஜாக்சனுக்கு எதிர்ப்புறத்தில் நின்றார்கள்.

செரோக்கிகள் வழக்குப் போட்டார்கள். ஜார்ஜியாவின் அனுமதியின்றி அவர்களிடையே தங்கியிருந்ததற்காக நான்காண்டு கடுங்காவல் பெற்ற மிஷனரி சாமுவேல் வொர்ஸ்டரின் வழக்கில், 1832 மார்ச்சில் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் தீர்ப்பளித்தார்: செரோக்கி மண்ணில் ஜார்ஜியாவின் சட்டம் செல்லாது. 'மார்ஷல் தீர்ப்பைச் சொல்லிவிட்டார், அவரே நிறைவேற்றட்டும்' என்று ஜாக்சன் சவால் விட்டதாக ஒரு வசனம் உலவுகிறது. அவர் அப்படிச் சொன்னதற்குச் சான்றில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. தீர்ப்பை மதிக்கும்படி ஜார்ஜியாவை வற்புறுத்த அவர் ஒன்றும் செய்யவில்லை, அது போதுமானதாக இருந்தது. அதே 1832இன் இறுதியில் தென் கரோலைனா ஒன்றியத்தின் சுங்க வரிச் சட்டம் எங்களுக்குச் செல்லாது என்றபோது, படையை அனுப்புவேன் என்று எழுந்து நின்றார். ஒன்றியத்தைக் காத்தார் என்று அதற்காகப் பாராட்டுகிறார்கள், நானும் பாராட்டுவேன். ஆனால் ஒரு மாநிலம் ஒன்றியச் சட்டத்தை மீறினால் தடுக்கும் பலம் அவரிடம் இருந்தது என்பதற்கு அதைவிட வேறு சாட்சியம் வேண்டாம். ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு.

1835 டிசம்பரில் நியூ எக்கோட்டாவில், செரோக்கிகள் தங்கள் நிலத்தை விட்டுக்கொடுத்து மேற்கே போக வேண்டும் என்ற ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. செரோக்கிகள் பதினாறாயிரம் பேருக்கு மேல் இருந்தார்கள். கூடியவர்கள் சில நூறு பேர். கையெழுத்திட்டவர்கள் இருபது பேரளவு. இனி வேறு வழியில்லை என்று நம்பிவிட்ட எலியாஸ் பூடினோ, 'ஃபீனிக்ஸ்' பத்திரிகையின் முதல் ஆசிரியர், அவர்களில் ஒருவர். பத்திரிகையின் அச்சு இயந்திரத்தை அதற்குள் ஜார்ஜியாவின் காவல்படை பறிமுதல் செய்திருந்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் ஜான் ராஸ் கையெழுத்திடவில்லை. ஒப்பந்தம் செல்லாது என்று பதினைந்தாயிரம் பேரளவு சேர்ந்த மனுவோடு அவர் வாஷிங்டனுக்குப் போனார். செனட் 31க்கு 15 என்று ஒப்பந்தத்தை ஏற்றது. மூன்றில் இரண்டு பங்கு வேண்டிய அந்த வாக்கெடுப்பில் ஒரே ஒருவர் மாற்றி வாக்களித்திருந்தால் ஒப்பந்தம் தோற்றிருக்கும். 1836 மே மாதம் ஜாக்சன் கையெழுத்துப் போட்டார். பெரும்பான்மையே ஆளட்டும் என்பது அவர் கொள்கை என்றால், இருபது பேரின் கையெழுத்தை ஏற்றுப் பல்லாயிரம் பேரின் மனுவைத் தூக்கி எறிந்தது எந்தக் கொள்கை? 1838இல், வான் பியூரன் ஆட்சியில், படைவீரர்கள் வீடு வீடாகச் சென்று அவர்களை இழுத்துவந்து முகாம்களில் அடைத்தார்கள். மேற்கே நடத்திச் செல்லப்பட்டவர்களில் ஏறத்தாழ நாலாயிரம் பேர் இறந்ததாக மதிப்பிடுகிறார்கள். ஜாக்சனின் ஆட்சிக்குள்ளேயே சுமார் 46,000 பூர்வகுடிகள் மிசிசிப்பிக்கு அப்பால் தள்ளப்பட்டிருந்தார்கள்.

அப்படித் தள்ளப்பட்ட சோக்டா மக்களை 1831 டிசம்பரில் மெம்பிஸ் நகரில் ஒரு பிரெஞ்சு இளைஞர் நேரில் பார்த்தார். பனி உறைந்திருந்தது; மிசிசிப்பியில் பெரும் பனிக்கட்டிகள் மிதந்து போயின. காயம்பட்டவர்கள், நோயாளிகள், பச்சைக் குழந்தைகள், சாகக் கிடந்த முதியவர்கள் என்று எல்லாரும் சத்தமில்லாமல் படகில் ஏறினார்கள். அழுகை இல்லை. கரையில் விடப்பட்ட அவர்களது நாய்கள், எஜமானர்கள் ஒரேயடியாகப் போகிறார்கள் என்று உணர்ந்ததும் ஊளையிட்டுக்கொண்டு உறைந்த நீரில் குதித்துப் படகின் பின்னால் நீந்தின. பார்த்தவர் அலெக்சி டி டோக்வில். அமெரிக்க ஜனநாயகத்தைப் பற்றி உலகம் இன்றும் படிக்கும் நூலை எழுதியவர். அந்த நூலிலேயே இந்தக் காட்சியையும் எழுதி வைத்தார்.

பத்திரிகை, மனு, தபால்: ஓட்டு இல்லாதவர்களுக்கு அன்று இருந்த கருவிகள் இவைதாம். 1835 ஜூலை இறுதியில் அடிமை ஒழிப்பு இயக்கத்தார் தெற்கே அனுப்பிய வெளியீடுகளை, சார்ல்ஸ்டன் தபால் நிலையத்தை உடைத்துப் புகுந்த ஒரு கும்பல் எடுத்துப்போனது; அவை பொது இடத்தில் கொளுத்தப்பட்டன. அஞ்சல் துறைத் தலைவர் ஏமஸ் கெண்டல், ஜாக்சனின் நெருங்கிய ஆலோசகர், அத்தகைய தபாலைத் தடுத்து வைக்கும் அதிகாரிகளைக் கண்டிக்க மறுத்தார். அந்த டிசம்பரில் ஜாக்சன் இன்னும் ஒரு படி மேலே போனார். அவ்வகை வெளியீடுகள் தென்மாநிலங்களுக்குத் தபாலில் போவதைக் கடும் தண்டனையோடு தடைசெய்யும் சட்டம் வேண்டும் என்று நாடாளுமன்றத்தைக் கேட்டார். நாடாளுமன்றம் தரவில்லை. ஆனால் 1836இல் பிரதிநிதிகள் சபை, அடிமை முறை பற்றி வரும் மனு எதையும் விவாதிக்காமலே ஒதுக்கிவைப்பது என்று விதி செய்துகொண்டது. அந்த வாய்ப்பூட்டை எதிர்த்து 1844 வரை சளைக்காமல் போராடி உடைத்தவர், ஜாக்சன் தோற்கடித்த ஜான் குவின்சி ஆடம்ஸ். பாஸ்டன் கனவான் என்று பாடநூல்கள் ஓரங்கட்டும் அதே ஆடம்ஸ்.

வங்கிச் சண்டையில் ஜாக்சன் சொன்னதில் நியாயம் இருந்தது. இரண்டாம் அமெரிக்க வங்கியின் 25 இயக்குநர்களில் ஐவரை மட்டுமே அரசு நியமித்தது; அரசின் பணமோ அங்கே குவிந்து கிடந்தது; அதன் தலைவர் நிக்கலஸ் பிடிலின் கை நாடாளுமன்ற உறுப்பினர்களின் சட்டைப்பை வரை நீண்டது. 1832 ஜூலையில் வங்கியின் உரிம நீட்டிப்பு மசோதாவை மறுத்துத் திருப்பியனுப்பியபோது, உழவர்கள், கைவினைஞர்கள், கூலிகள் பெயரால் அவர் எழுதிய வரிகள் இன்றும் சூடு குறையாதவை. அதன் பிறகு நடந்ததையும் சேர்த்துப் படிக்க வேண்டும். வங்கியிலிருந்து அரசுப் பணத்தை எடுக்க மறுத்த நிதியமைச்சர் வில்லியம் டுவேனை நீக்கிவிட்டு ரோஜர் டேனியை அமர்த்தினார். பணம் தேர்ந்தெடுத்த மாநிலத் தனியார் வங்கிகளுக்குப் போனது. உழவன் கைக்கும் வரவில்லை, உழவன் தேர்ந்தெடுத்த அவையின் பொறுப்புக்கும் வரவில்லை. இதற்காக 1834இல் செனட் அதிபரைக் கண்டித்தது. 1837 ஜனவரியில், பெரும்பான்மை மாறியதும், ஜாக்சன் கட்சி செனட்டின் குறிப்பேட்டையே கொண்டுவரச் செய்து, அந்தக் கண்டனத்தைச் சுற்றிக் கறுப்புக் கோடு இழுத்து நீக்கியது. அரசுப் பதவிகளைச் சாமானியருக்குத் திறந்துவிட்டார் என்ற பெருமையும் இதே ரகம். அப்படி நியூயார்க் துறைமுகச் சுங்க வசூல் பதவிக்கு அவர் அனுப்பிய சாமுவேல் ஸ்வார்ட்வௌட் பத்து லட்சம் டாலருக்கு மேல் சுருட்டிக்கொண்டு 1838இல் நாட்டைவிட்டு ஓடினார்.

அந்தக் காலத்தை இந்தக் காலத்து அளவுகோலால் அளக்காதே என்பார்கள். நான் அளக்கவில்லை. 97 உறுப்பினர்களும், பதினைந்தாயிரம் கையெழுத்துக்காரர்களும், பெயர் தெரியாத அந்தப் பெண்களும், மார்ஷலும், பர்விஸும் அந்தக் காலத்தவர்களே. அவர்கள் அன்றே அளந்துவிட்டார்கள்.

கடைசி வாதம் ஒன்று மிச்சம் இருக்கிறது. முதலில் வெள்ளை ஆண்கள் எல்லாருக்கும் என்று வந்தது, பிறகு கறுப்பர்களுக்கும் பெண்களுக்கும் வந்தது. விதை ஜாக்சன் போட்டது என்பார்கள். அந்த விதையிலிருந்து முளைத்தது எது என்று பதிவுகள் சொல்கின்றன. டேனியை ஜாக்சன் 1836இல் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதியாக்கினார். கறுப்பர் எவரும் அமெரிக்கக் குடிமகனாக இருக்க முடியாது என்று 1857இல் ட்ரெட் ஸ்காட் வழக்கில் தீர்ப்பெழுதியவர் அந்த டேனி. பென்சில்வேனியாவின் கறுப்பர்கள் 1838இல் இழந்த ஓட்டு 1870இல் 15ஆம் திருத்தத்தால்தான் திரும்பியது, அதுவும் ஓர் உள்நாட்டுப் போருக்குப் பிறகு. அந்தத் திருத்தம் நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்புக்கு வந்தபோது ஜாக்சனின் கட்சியிலிருந்து ஒரே ஓர் உறுப்பினர்கூட அதை ஆதரித்து வாக்களிக்கவில்லை.